தலைக்கவசத்தின் மேல்தோல்

கார்த்திகை தீபத்துக்குச் சில நாட்களுக்கு முன் திருவண்ணாமலைக் கோயிலில் ஒரு வண்ண வேலை நடக்கும். மகாதீபம் ஏற்றும் ஆளுயரக் கொப்பரையைத் துலக்கி எடுத்து, அதன் வயிற்றுப் பகுதியில் அர்த்தநாரீஸ்வரர் உருவத்தை வரைவார்கள். வண்ணம் காய்ந்ததும் பூசை போட்டு, 2,668 அடி உயர மலைக்குத் தோளில் சுமந்து ஏற்றிவிடுவார்கள். தீப நாட்கள் முடிந்து கீழே இறங்கும்போது கொப்பரையில் புகைக்கரி படிந்திருக்கும், வண்ணம் மங்கியிருக்கும். உலோகத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகியிருக்காது. தேய்த்துக் கழுவினால் அடுத்த ஆண்டுக்குத் தயார்.

வண்ணத்தால் உலோகத்துக்குச் சேதமில்லை என்பது பெயின்டர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். உலோகத்தில் அணுக்கள் நெருக்கமாக அடுக்கி நிற்கின்றன. பெயின்ட்டைக் கரைத்து இளக்கும் தின்னரின் மூலக்கூறு அந்த அடுக்குக்குள் நுழைய வழியே இல்லை. அது மேலே நின்று, ஆவியாகி, போய்விடும். வண்டியின் பெட்ரோல் டேங்க், பஸ்ஸின் தகரம், கடை ஷட்டர் எல்லாம் இப்படித்தான். எவ்வளவு தின்னர் ஊற்றித் துடைத்தாலும் தாங்கும்.

அதே ஊரில், அதே பட்டறையில், அதே கை ஒரு ஹெல்மெட்டை எடுக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கல்லூரிப் பையன் ஒருவன் புது ஹெல்மெட்டைக் கொண்டுவந்து, ரேஸ் வீரர்கள் போடுவதைப் போல இரண்டு பக்கமும் கோடு இழுத்து, பின்னால் மலையின் வடிவம் போட்டு, அடியில் பெயர் எழுதித் தரச் சொல்கிறான். பெயின்டர் வழக்கம்போல் உப்புத்தாளால் தேய்க்கிறார், தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்கிறார், ஸ்ப்ரே கன்னை எடுக்கிறார். வேலை அழகாக வருகிறது. அந்த ஹெல்மெட் இனி பழைய ஹெல்மெட்தானா என்பதைப் பார்த்துச் சொல்ல அவராலும் முடியாது, பையனாலும் முடியாது.

ஏன் என்று புரிய, ஹெல்மெட்டை வெளியிலிருந்து உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

வெளியே இருப்பது கெட்டியான ஓடு. சாதாரண விலையில் நம் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் இந்த ஓடு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், அல்லது பாலிகார்பனேட், அல்லது இரண்டும் கலந்தது. உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்ப்பார்கள். விலை கூடிய ரேஸ் ஹெல்மெட்டுகளில் ஓடு வேறு. கண்ணாடி இழை, கார்பன் இழை, அராமிட் இழை இவற்றை எப்பாக்சி போன்ற பிசினில் தோய்த்து, அடுக்கி, சூட்டில் இறுக்கிச் செய்வது. ஓட்டுக்கு உள்ளே தெர்மாகோல். டிவி பெட்டியில் வரும் அதே பாலிஸ்டைரீன்தான், இன்னும் அடர்த்தியாக வார்த்தது. நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் காற்று.

உயிரைக் காப்பது முக்கியமாக அந்தத் தெர்மாகோல். ஐரோப்பாவின் இ.சி.இ. 22 தரச்சோதனையில், செயற்கைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி வினாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்புப் பாளத்தின் மேல் மோதவிடுவார்கள். அது மணிக்கு 27 கிலோமீட்டர். ஏறக்குறைய 2.9 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடி உயரத்திலிருந்து விழும் வேகம். தலைக்குள் பதிவாகும் வேகக்குறைவு புவியீர்ப்பைப்போல் 275 மடங்கைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மோதல் முழுவதும் அந்த உச்ச அளவிலேயே சீராக நிற்பதாக வைத்துக்கொண்டாலும், தலை நிற்க 10.4 மில்லிமீட்டர் தூரம் தேவை. நிஜ மோதல் அவ்வளவு சீராக நடக்காது, அதனால் இன்னும் கூடுதலாகவே வேண்டும். அந்தத் தூரத்தைத் தெர்மாகோல் நசுங்கிக் கொடுக்கிறது. ஓட்டின் வேலை, ஒரு புள்ளியில் விழும் அடியை அகலமாகப் பரப்பி, தெர்மாகோலின் பெரிய பரப்பு ஒன்றாக நசுங்கும்படி செய்வது. ஓடு அடிபட்ட இடத்தில் விரிந்து பிளந்தால் அடி பரவாது. தெர்மாகோல் ஒரே இடத்தில் குழிந்து, தூரம் தீர்ந்து, மிச்ச அடி மண்டையோட்டுக்குப் போகும்.

இப்போது தின்னருக்கு வருவோம். ஒரு துண்டுத் தெர்மாகோலைத் தட்டில் வைத்து, நெருப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் அதன் மேல் நாலு சொட்டு தின்னர் விட்டுப் பாருங்கள். அது எரிவதில்லை, புகைவதில்லை. சொட்டு விழுந்த இடம் சீறிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. விளிம்பு சுருங்கி வளைந்து, வெள்ளைத் துண்டில் ஒரு கிணறு விழுகிறது. அடியில் மிஞ்சுவது விரலில் ஒட்டும் பசை மாதிரி ஒரு துளி. உள்ளே இருந்த காற்று வெளியேறிவிட்டது, பிளாஸ்டிக் மட்டும் கரைந்து நிற்கிறது. பெட்ரோலும் இதையே செய்யும். ஹெல்மெட்டின் உட்புறத்தை மறைக்காமல் ஸ்ப்ரே அடித்தால், காற்றுத் துளைகள் வழியாகவும் விளிம்பு வழியாகவும் போகும் தின்னர் உள்ளே இதைத்தான் சின்ன அளவில் செய்கிறது. மேலே துணி உறை இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

ஓட்டுக்கு நேர்வது இன்னும் நுட்பமானது. இந்த அத்தியாயத்தில் நான் எல்லோர் காதிலும் போட விரும்புவதும் அதைத்தான்.

ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் இரண்டும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. இடியாப்பத்தில் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப்போல அவை பின்னிக் கிடக்கின்றன. இழைக்கும் இழைக்கும் இடையே முடிச்சு கிடையாது, பின்னல்தான் பலம். அச்சில் வார்க்கும்போது வெளிப்பரப்பு முதலில் குளிர்ந்து இறுகிவிடும். உட்பகுதி பிறகு மெதுவாகக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். வெளித்தோல் விடாது. அதனால் ஓட்டுக்குள் ஓர் இழுவிசை நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. சாதாரணமாக அது ஒன்றும் செய்யாது, பின்னல் தாங்கிக்கொள்ளும். தின்னரில் இருக்கும் டொலுவீன், அசிட்டோன் போன்ற சின்ன மூலக்கூறுகள் இழைகளுக்கு இடையே புகுந்து வழுக்கல் உண்டாக்கும்போது கதை மாறுகிறது. உள்ளே காத்திருந்த இழுவிசைக்கு இழைகள் நழுவிக் கொடுக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடிப்புகள் பிறக்கின்றன. கொஞ்சம் கரைப்பானும் அந்த இழுவிசையும் தனித்தனியே இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும், இரண்டும் கூடும் இடத்தில்தான் உடைகிறது. பொருளறிவியலில் இதைச் சூழல் இழுவிசை வெடிப்பு என்று சொல்லலாம். பிளாஸ்டிக் பாகங்கள் பயன்பாட்டில் உடைந்துபோவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று இது.

வெடிப்பு விழுந்த இடத்தின் மேல் பளபளவென்று மூன்று பூச்சு வண்ணம் இருக்கிறது. எப்படித் தெரியும்? அமெரிக்க அரசின் ஹெல்மெட் விதி இதற்காகவே ஒரு வாசகத்தை ஒட்டச் சொல்கிறது: சில சாதாரணப் பொருட்களாலேயே ஹெல்மெட் கடுமையாகச் சேதமடையலாம், அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்று. இ.சி.இ. முத்திரை பெற்று, இவற்றால் பாதிக்கப்படும் ஓடு கொண்டவற்றில் இன்னும் நேரடியாக, பெயின்ட், ஸ்டிக்கர், பெட்ரோல், கரைப்பான் எதையும் இதன் மேல் போடாதே என்ற எச்சரிக்கை இருக்கும். நம் நாட்டில் 2021 ஜூன் 1 முதல் இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த முத்திரை சொல்வது தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த நிலையைப் பற்றி. பட்டறையில் தின்னர் குடித்த பிறகு அது எதற்கும் பொறுப்பேற்காது.

ஸ்டிக்கருக்கு வருகிறேன். திருவண்ணாமலையில் சிவன், நந்தி, மலை, வேல், நடிகர் முகம் என்று எது கேட்டாலும் வெட்டிக் கொடுப்பார்கள். வினைல் ஸ்டிக்கர் என்பது பி.வி.சி. படலம். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. வளைந்து ஒட்டுவதற்காக அதில் இளக்கி எண்ணெய்களைக் கலக்கிறார்கள். அந்த எண்ணெய் அங்கேயே இருப்பதில்லை. வெயிலில் மெல்லக் கசிந்து அடியில் இருக்கும் பிளாஸ்டிக்குக்குள் போகும். பி.வி.சி. வயர் உரசிக்கொண்டிருக்கும் இடத்தில் பாலிகார்பனேட் பாகம் வெடிப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். தொழிற்சாலை தன் வண்ணப் பூச்சும் மேலே கிளியர் கோட்டும் போட்டிருந்தால் அது ஒரு தடுப்பு, ஆபத்து குறைவு. வண்ணம் பூசாமல், நிறம் கலந்த பிளாஸ்டிக்காகவே விடப்பட்ட மலிவு ஓட்டில் அந்தத் தடுப்பு இல்லை. ஆனால் ஸ்டிக்கரை ஒட்டுவதைவிட உரிப்பதுதான் எனக்குக் கவலை. பழைய ஸ்டிக்கரை உரித்ததும் ஒட்டியிருக்கும் பசையைப் போக்க, வண்டி டியூபைக் கழற்றி ஒரு மூடி பெட்ரோல் பிடித்துத் தேய்ப்பது நம் வழக்கம். ஹெல்மெட்டுக்கு அதைச் செய்யவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரும் லேசான சோப்பும் பொறுமையும் போதும். போகாத பசை போகாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படியானால் ரேஸ் வீரர்களின் ஹெல்மெட்டுகள் மட்டும் எப்படி அத்தனை வண்ணத்தைத் தாங்குகின்றன?

தமிழ்நாட்டுக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் 1950களிலிருந்து பந்தயம் நடந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. கோயம்புத்தூரில் கார் பந்தய முன்னோடி கரிவர்தனின் பெயரால் செட்டிபாளையத்தில் ஒரு தடம் உண்டு. கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியரானார். சென்னையின் கருண் சந்தோக் 2010இல் அடுத்தவர். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கில் ஃபார்முலா பந்தயமே நடந்தது. திறந்த காரில் உட்கார்ந்திருப்பவரில் பார்வையாளருக்குத் தெரியும் ஒரே பகுதி தலை. அதனால் ஹெல்மெட்டின் வண்ணம் பந்தய வீரனுக்கு முகம். இங்கிலாந்தின் கிரஹாம் ஹில் தான் துடுப்பு வலித்த லண்டன் படகுக் கழகத்தின் கருநீலத்தையும் வெள்ளைத் துடுப்புப் பட்டைகளையும் ஹெல்மெட்டில் போட்டார். பிறகு அவர் மகன் டேமனும் அதையே தரித்தார். ஜாக்கி ஸ்டூவர்ட் ஸ்காட்லாந்தின் கட்டத் துணியைச் சுற்றினார். 1968இல் டான் கர்னி முழுமுகக் கவசத்தோடு வந்த பிறகு உண்மை முகம் அடியோடு மறைந்தது. பிரேசிலின் சிட் மோஸ்கா ஐர்ட்டன் சென்னாவுக்கு வரைந்த மஞ்சள், பச்சை, நீலத்தை இன்றும் உலகம் அடையாளம் காண்கிறது. வீரர்கள் பந்தயத்துக்குப் பந்தயம் வண்ணம் மாற்றத் தொடங்கியதும், ஆளை அடையாளம் தெரியவில்லை என்று சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. 2015இல் ஒரு பருவத்துக்கு ஒரே வடிவம் என்று விதி போட்டது. 2017இல் ஒரு சிறப்புப் பந்தயத்துக்கு விலக்கு கொடுத்தது. 2020இல் விதியையே எடுத்துவிட்டது.

அதே எஃப்.ஐ.ஏ. வண்ணம் பூசுவதைப் பற்றி வைத்திருக்கும் வேறொரு விதி இதைவிட முக்கியம், அது மாறவும் இல்லை. ஓட்டின் பொருளோடு வண்ணம் வினைபுரிந்து பாதுகாப்பைக் குறைக்கலாம். அதனால் தயாரிப்பாளர் சொன்ன வண்ணத்தை மட்டும் பயன்படுத்த வேண்டும், முடிந்தால் அவர் ஒப்புக்கொண்ட பெயின்டரிடமே கொடுக்க வேண்டும். அச்சில் வார்த்த ஓடுகள் பொதுவாக வண்ணம் பூசத் தகுந்தவை அல்ல. உட்புறத்தை நன்றாக மறைத்துவிட்டே பூச வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டும் முன்பும் தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் அந்த விதியில் இருக்கிறது. பந்தய வீரர்கள் தப்பிப்பது இழை ஓட்டினால். சூட்டில் இறுகிய பிசினில் சங்கிலிகள் பின்னிக் கிடப்பதோடு நிற்காமல் ஒன்றோடொன்று வேதிப் பிணைப்பால் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. தின்னர் உள்ளே வந்தாலும் அந்தச் சங்கிலிகளைப் பிரிக்க முடியாது. நம் பையன் படத்தில் பார்த்த ஹெல்மெட்டும் கையில் வைத்திருக்கும் ஹெல்மெட்டும் வடிவத்தில் ஒன்று, பொருளில் வேறு வேறு.

அந்த ஓட்டில் வேலை நடப்பதைப் பார்ப்பது ஒரு சுகம். கண்ணாடி மூடி, காற்றுத் துளை மூடிகள், ரப்பர் விளிம்பு எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுவார்கள். உட்புறத்தையும் திறப்புகளையும் காகிதமும் டேப்பும் கொண்டு மூடுவார்கள். தொழிற்சாலைப் பளபளப்பை நுண்ணிய வாட்டர் பேப்பரால் மங்கலாக்குவார்கள், இழை தெரிகிற அளவுக்குத் தேய்க்க மாட்டார்கள். பிறகு பிரைமர், அடிவண்ணம். ஒவ்வொரு கோட்டுக்கும் மெல்லிய டேப்பை வளைவுக்கு ஏற்ப இழுத்து ஒட்டி, ஒரு நிறம் அடித்து, உரித்து, அடுத்ததை மறைத்து, மீண்டும் அடிப்பார்கள். உருண்டையான பரப்பில் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. பக்கத்திலிருந்து நேராகத் தெரிய வேண்டிய கோட்டைக் கொஞ்சம் வளைத்தே இழுக்க வேண்டும். கோயில் தேரிலும் கோபுரச் சுதையிலும் வண்ணம் தீட்டுகிற நம்மவர்களுக்கு இந்தக் கண் இயல்பாகவே உண்டு, யாரும் சொல்லித்தர வேண்டாம். கடைசியில் கிளியர் கோட். உள்ளே தெர்மாகோல் இருப்பதால் கார் கதவைப்போல அடுப்பில் சுட்டுக் காயவைக்க முடியாது, அறை வெப்பத்திலேயே இறுகும் இரண்டு கலவை பாலியூரித்தேன்தான். அதன் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அதை அடிக்கும் ஒவ்வொரு பெயின்டருக்கும் சரியான முகமூடி கிடைக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

எடையும் ஒரு விஷயம். ஹெல்மெட்டின் வெளிப்பரப்பை 1,200 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். மொத்தப் பூச்சு கால் மில்லிமீட்டர் கனம் என்றால் 30 கன சென்டிமீட்டர் வண்ணம், சுமார் 40 கிராம். வளைவில் ஐந்து மடங்கு ஈர்ப்பு பக்கவாட்டில் இழுக்கும்போது கழுத்துக்கு அது 200 கிராம். வேகமான ஒவ்வொரு வளைவிலும், பந்தயம் முடியும்வரை. அதனால்தான் பந்தய வண்ணக்காரர்கள் பூச்சை மெல்லியதாக வைக்கப் பாடுபடுகிறார்கள்.

வண்ணமும் வேண்டாம், பசையும் வேண்டாம் என்றால் உறை இருக்கிறது. இது குதிரைப் பந்தயத்தின் பழக்கம். கிண்டி மைதானத்தில் ஓடிய ஜாக்கிகள் கவசத்தின் மேல் குதிரை உரிமையாளரின் நிறத்தில் துணித் தொப்பி மாட்டுவார்கள். அடுத்த பந்தயத்தில் வேறு உரிமையாளரின் குதிரை, வேறு தொப்பி. கவசம் அதே கவசம். வேதியியல் கோணத்தில் பார்த்தால் இதைவிடப் பாதுகாப்பான அலங்காரம் இல்லை. ஆனால் தார்ச்சாலையில் ஹெல்மெட் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது பிடித்து நின்றால் தலை திருகும், மூளைக்கு அந்தத் திருகல் நேரடி அடியைவிடக் கெடுதி செய்யலாம். இறுக்கமான மெல்லிய துணி பரவாயில்லை. கொம்பு, சடை, மேலே ஒட்டும் பொம்மை, கேமரா இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக நிறம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், கறுப்பு ஹெல்மெட் அணிந்தவர்களைவிட வெள்ளை அணிந்தவர்களுக்குக் காயம்படும் விபத்து அபாயம் 24 சதவீதம் குறைவாக இருந்தது. ஒளி பிரதிபலிக்கும் அல்லது ஒளிரும் உடை அணிந்தவர்களுக்கு 37 சதவீதம் குறைவு. நம் இளைஞர்கள் அதிகம் விரும்புவது கறுப்பு, அதிலும் மங்கல் கறுப்பு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இரவு வண்டியோட்டுபவர்களை நினைத்துப் பாருங்கள். பௌர்ணமியன்று போக்குவரத்தைக் கட்டுப்படுத்திவிடுவார்கள். மற்ற நாட்களில் நடப்பவர், வண்டி, ஆட்டோ, மாடு எல்லாம் ஒரே சாலையில்தான்.

கடையில் ரேடியம் என்று கேட்டு வாங்கும் ஸ்டிக்கர் வேலைசெய்யும் விதம் அற்புதமானது. சாதாரண வெள்ளைப் பரப்பு தன் மேல் விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். இதில் பொடிக் கண்ணாடி மணிகளோ, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட நுண் மூலைகளோ பதிந்திருக்கும். அவை வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். லாரியின் விளக்கிலிருந்து கிளம்பிய ஒளி லாரி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வரும். இதே மூலைகளின் பெரிய வடிவத்தைத்தான் 1969இல் அப்பல்லோ 11 நிலாவில் வைத்துவிட்டு வந்தது. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் அதில் பட்டுத் திரும்புவதை வைத்து நிலவின் தூரத்தை இன்றும் அளக்கிறார்கள். பௌர்ணமியில் மலையைச் சுற்றுகிறவர்களின் தலைக்கு மேலே அந்தக் கண்ணாடிகள் இருக்கின்றன.

பிரான்சில் இருசக்கர ஹெல்மெட்டின் முன்னும் பின்னும் இரு பக்கமும் தலா 18 சதுர சென்டிமீட்டர் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் சட்டப்படி வேண்டும். அங்கே விற்கும் ஹெல்மெட்டின் பெட்டிக்குள்ளேயே அதைப் போட்டுத் தருகிறார்கள். தயாரிப்பாளரே தருவதால், ஓட்டுக்கு ஒத்துவருமா என்ற கேள்வியைக் கடைக்காரரிடம் விட வேண்டியதில்லை. நம் தயாரிப்பாளர்களும் இதைச் செய்யலாம், கூடவே வெட்டியெடுத்து ஒட்டிக்கொள்ள நாலு வடிவமும் கொடுக்கலாம். மலை வடிவத்தில் 18 சதுர சென்டிமீட்டர் என்றால் ஆறு சென்டிமீட்டர் அகலம், ஆறு சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு முக்கோணம். ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.